ஓசூரிலிருந்து அகத்தி: திரும்பி வரும் பெட்ரோலிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் பெலகொண்டப்பள்ளியைக் கடப்பவர்களில் பலருக்கு, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் 7,000 அடி நீள ஓடுபாதை ஒன்று கிடப்பது தெரியாது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் விமானத்தளம் அது. 1990களில் இத்தாலியின் பார்த்தனேவியா நிறுவனத்தோடு கைகோத்து, ஆறு இருக்கைகளும் இரண்டு எஞ்சின்களும் கொண்ட பி-68சி விமானத்தை இங்கே செய்தார்கள். பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானமும் இங்கே உருவானது. லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்கிற ஊர் என்றுதான் ஓசூரை நாட்டுக்குத் தெரியும். சிறு விமானம் செய்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

இந்த அத்தியாயம், இங்கிருந்து சிறு விமானத்தில் லட்சத்தீவுக்கு, குறிப்பாக அதன் வடக்குத் தீவுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கானது. விமானம் உங்களுடையதாக இருக்கலாம், நண்பருடையதாக இருக்கலாம், வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். வாடகை என்றால் பணம் வாங்கிப் பறக்க உரிமம் உள்ள நிறுவனத்திடம் மட்டும் எடுங்கள். தனியார் பைலட் உரிமம் வைத்திருப்பவர் உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு பறக்கக் கூடாது. அதற்கு ஒப்புக்கொள்கிறவர் வேறு எந்தெந்த விதிகளில் கண்ணை மூடிக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாது.

தீவைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தப் பாடு தேவையில்லை. இண்டிகோ 2024 மார்ச் 31 அன்று பெங்களூரிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு ஏ.டி.ஆர். விமானச் சேவையைத் தொடங்கியது. டிக்கெட் கிடைத்தால் அதில் போய் வாருங்கள். நம் நிலத்தையும் மலையையும் கடலையும் தாழப் பறந்து பார்க்க வேண்டும், தாமே திட்டமிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

எங்கே போகிறோம்

லட்சத்தீவின் வடக்குத் தொகுதிக்கு அமின்திவி என்று பெயர். அமினி, கட்மத், கில்தான், செத்லாத், பித்ரா ஆகிய ஐந்தும் அதில் மக்கள் வாழும் தீவுகள். பித்ராவில் 2011 கணக்கெடுப்பின்படி 271 பேர்தான். இவற்றில் எதிலும் விமானம் இறங்க முடியாது. லட்சத்தீவு முழுவதற்கும் விமான நிலையம் ஒன்றே ஒன்று, அதுவும் தெற்கே தள்ளி அகத்தியில். 1988இல் திறந்தது. எனவே நம் விமானப் பயணம் அகத்தியோடு முடிகிறது. அங்கிருந்து வடக்கே போவது லட்சத்தீவு நிர்வாகத்தின் படகுகளிலும் கப்பல்களிலும்தான். பித்ரா, அகத்திக்கு ஏறக்குறைய நேர் வடக்கில் 45 கடல் மைல். கட்மத்தும் கிட்டத்தட்ட அதே தூரம், வடகிழக்கில். படகு அட்டவணை கடலைப் பொறுத்து மாறும். விமானத்தை முடிவு செய்துவிட்டுப் படகைத் தேடாதீர்கள். படகு நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப விமான நாளை வையுங்கள்.

கோடு எங்கே போகிறது

வரைபடத்தில் ஓசூரையும் அகத்தியையும் ஸ்கேல் வைத்து இணைத்துப் பாருங்கள். சுமார் 347 கடல் மைல் வரும், 640 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கோடு கனகபுரா வழியாகப் போய், மைசூரு விமான நிலையத்தை ஒட்டிச் சென்று, கண்ணூர் விமான நிலையத்தின் மேலேயே போய்க் கடலைத் தொடும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. சுற்று வழியே இல்லாமல் வழியில் இரண்டு ஓடுபாதைகள் கிடைக்கின்றன. லட்சத்தீவு என்றாலே கொச்சி என்று பழகிவிட்டதால் பலர் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சி போய் அங்கிருந்து திட்டம் போடுகிறார்கள். அப்படிப் போனால் கடல் தூரம் 250 மைலைத் தாண்டுகிறது. கண்ணூரிலிருந்து 210தான். கண்ணூர் நிலையம் 2018 டிசம்பர் 9 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த வழி நமக்கு இல்லை.

மலையைப் பொறுத்தவரையிலும் இந்தக் கோடு நல்லது. நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நம் வழி அதற்கு வெகு வடக்கே, குடகுக்கும் வயநாட்டுக்கும் நடுவே போகிறது. குடகின் மிக உயர்ந்த தடியண்டமோல் 1,748 மீட்டர், அதாவது 5,700 அடிக்கு மேல். மேற்கே போகும்போது 8,000 அல்லது 10,000 அடி, கிழக்கே வரும்போது 9,000 அடி என்று உயரம் கேட்டால் மலைக்கும் உங்களுக்கும் போதுமான இடைவெளி இருக்கும். காலையில் கடந்துவிடுங்கள். பிற்பகலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் மேகம் குவியும், விமானம் தூக்கித் தூக்கிப் போடும்.

எந்த விமானம்

கடலுக்கு மேல் 210 மைல் என்பது ஒற்றை எஞ்சினுக்கு உரிய தூரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின் நின்றால் 9,000 அடியிலிருந்து ஒரு சிறு விமானம் மிதந்து போகக்கூடிய தூரம் பதினைந்து கடல் மைலுக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் தண்ணீர். ஹன்சா அருமையான விமானம், கற்றுக்கொள்ள அதைப் போன்றது குறைவு. ஆனால் அதை எடுத்துக்கொண்டு அகத்திக்குக் கிளம்பாதீர்கள்.

சட்டமும் இந்தத் தூரத்துக்குத் தனி நிபந்தனை வைக்கிறது. கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் கட்டுப்பாட்டு வான்வெளியில் கரையிலிருந்து 100 கடல் மைலுக்கு மேல் கடலுக்குள் போக இந்தியாவில் அனுமதி இல்லை. இருட்டிலும் அந்த முறையில் பறக்கக் கூடாது. ஆகவே கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதிச் சான்று, அதுவும் காலாவதியாகாத சான்று, பைலட்டிடம் இருக்க வேண்டும். விமானத்திலும் அதற்கான கருவிகள் வேண்டும். பயணிகளாகப் போகிறவர்கள் இந்தச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டாம்.

பெட்ரோல் கணக்கு

இந்தப் பயணத்தில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு வேண்டியது ஏவ்காஸ் என்கிற விமான பெட்ரோல். பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள். நம் நாட்டு விமான நிலையங்கள் பெரும்பாலும் ஜெட் எரிபொருளுக்காகவே அமைந்தவை. ஏவ்காஸை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல்தான் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் சொந்தமாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆகையால் "ஏர்போர்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கும்" என்ற எண்ணத்தைத் தூக்கி எறியுங்கள். அகத்தியில் ஒரு சொட்டும் கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். கண்ணூரில் எந்தத் தேதியில், எத்தனை லிட்டர், யார் கொண்டுவந்து ஊற்றுவார்கள் என்பதை எண்ணெய் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

பி-68சியை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். வேகம் 145 நாட், மணிக்கு இரண்டு எஞ்சினும் சேர்ந்து 75 லிட்டர், டேங்க்குகளில் பயன்படக்கூடியது 520 லிட்டர். உங்கள் விமானத்துக்கு அதன் கையேட்டிலுள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

நாம் போகிற காலம் குளிர்காலம். அப்போது வடகிழக்குக் காற்று. போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். 15 நாட் காற்று என்று வைத்துக்கொண்டால் கண்ணூரிலிருந்து அகத்திக்கு 79 நிமிடம், அகத்தியிலிருந்து கண்ணூருக்கு 97 நிமிடம். போன நேரத்தை இரண்டால் பெருக்கித் திரும்பும் பெட்ரோலை முடிவு செய்கிறவருக்கு 18 நிமிடப் பறப்பு, அதாவது இருபது லிட்டருக்கு மேல், கடலுக்கு நடுவே குறைந்துபோகும். போக வர 176 நிமிடத்துக்கு 220 லிட்டர். தரையில் ஓடவும் உயரம் ஏறவும் 20. அகத்தியில் இறங்கப் பார்த்து முடியாமல் மறுபடி சுற்றி வர 20. திரும்பும்போது கண்ணூர் மூடிக்கிடந்தால் கோழிக்கோடு போக 30. முக்கால் மணி நேரக் கையிருப்புக்கு 56. காற்று நினைத்ததைவிடக் கடுமையானால் என்று பத்தில் ஒரு பங்கு, 22. ஆக 368 லிட்டர். இதற்குக் குறைவாகக் கண்ணூரை விட்டுக் கிளம்பக் கூடாது.

கண்ணூரில் நிரப்பாமல் ஓசூரிலேயே முழு டேங்க் போட்டுக்கொண்டு போய் வந்துவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். இதே முறையில் 524 லிட்டர் வருகிறது, டேங்க்கில் கொள்வது 520. நான்கு லிட்டர்தானே என்று கையிருப்பில் கை வைக்கிறவர்களைப் பற்றி விபத்து அறிக்கைகளில் நிறையப் படிக்கலாம். கண்ணூரில் ஏவ்காஸ் உறுதியாகவில்லை என்றால் இந்தப் பயணம் இல்லை.

அடுத்து எடை. ஆறு இருக்கை என்பதால் ஆறு பேர் போகலாம் என்று பொருள் அல்ல. பி-68சி அதிகபட்சம் 1,990 கிலோவில் கிளம்பலாம். வெறும் விமானம் 1,320 கிலோ என்று கொள்வோம். 368 லிட்டர் பெட்ரோல் 265 கிலோ. மிதவைப் படகும் உயிர்காப்பு உடைகளும் 30, பைலட் 80. மிஞ்சுவது 295 கிலோ. 75 கிலோ உள்ள நான்கு பேர் ஏறினாலே 300. எனவே மூன்று பேர், ஆளுக்கு ஒரு துணிப்பை. எடையை வாயால் கேட்டு எழுதாதீர்கள், யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் தராசு இல்லாத தொழிற்சாலை ஏது? ஆளையும் பையையும் சேர்த்து நிற்கவைத்து எழுதுங்கள். அகத்தியில் இறங்கும்போதும் திரும்பும் பெட்ரோல் டேங்க்கிலேயே இருக்கும் என்பதால், இறங்கும்போதைய எடை வரம்பையும் கையேட்டில் சரிபாருங்கள்.

பெட்ரோல் ஊற்றி முடித்ததும் பைலட் செய்யும் ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இறக்கைக்கு அடியில் உள்ள சிறு குழாயை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடிப்பார். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஏவ்காஸ் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத முத்துபோலத் தனியே உருண்டு நிற்கும். குடுவை முழுவதுமே நிறமில்லாமல் இருந்தால் அது இன்னும் ஆபத்து. முழுதும் தண்ணீராக இருக்கலாம், அல்லது யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கலாம். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை காட்டிக்கொடுக்கும். எல்லா டேங்க்கிலும், எல்லாக் குழாயிலும் இதைச் செய்ய வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

காலமும் நேரமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். மே மாதமும் நவம்பரும் அரபிக்கடலில் புயல் காலம். 2017 நவம்பர் கடைசியில் கிளம்பிய ஒக்கி டிசம்பர் தொடக்கத்தில் மினிக்காயையும் கல்பேனியையும் புரட்டிப்போட்டது. 2021 மே மாதம் டவ்தே லட்சத்தீவுக்குப் பக்கத்திலேயே உருவாகி வடக்கே போனது. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைதான் நமக்கான காலம். அகத்தியின் ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்கு வாக்கில் கிடப்பதால் குளிர்காலக் காற்று அதன் நீளத்துக்கே அடிக்கும், இறங்க வசதி. ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். பி-68 போன்ற விமானத்துக்கு அது போதும், ஆனால் இரு புறமும் கடல், முடிவிலும் கடல். பாதி தூரம் தாண்டியும் சக்கரம் தரையைத் தொடவில்லை என்றால் மேலே கிளம்பிச் சுற்றி வர வேண்டும். மேலே ஒதுக்கிய அந்த 20 லிட்டர் இதற்குத்தான்.

ஓசூரில் சிக்கல் வேறு மாதிரி. டிசம்பர், ஜனவரி விடியலில் பனிமூட்டம் இறங்கும். அது விலகும்வரை காத்திருக்க வேண்டும். மார்ச்சில் பனி இருக்காது, வெயில் இருக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி வாக்கில் இருக்கிறது. பிற்பகல் 35 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்று 6,000 அடி உயரத்துக் காற்றைப்போல அடர்த்தி குறைந்துவிடும். எஞ்சினும் இறக்கையும் அந்தக் காற்றில்தான் வேலை செய்யவேண்டும். ஓடுபாதை நீளமாக இருப்பதால் கிளம்பிவிடலாம், ஆனால் கிளம்பியதும் ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்று உங்களைத் தூக்கிச் செல்லுமா என்பதுதான் கேள்வி. பத்து மணிக்குள் கிளம்புங்கள்.

சூரியனையும் கணக்கில் சேருங்கள். அகத்தி நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே பொழுது சாய்வது ஓசூரைவிட இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். கடற்கரையில் நின்றால் இன்னும் நேரம் இருப்பதுபோலத் தெரியும். கிழக்கே பறக்கிறவருக்கு அந்த இருபது நிமிடம் பறிபோகும்.

தாள்களும் அனுமதிகளும்

பெலகொண்டப்பள்ளி தனியார் தளம் என்பதால் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பெங்களூரு வான்வெளி தலைக்கு மேலேயே இருப்பதால் அங்குள்ள கட்டுப்பாட்டாளர்களோடு பேசாமல் சக்கரம் நகராது. பறப்புத் திட்டம் கொடுத்ததும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், சென்னை விமானத் தகவல் மையம் தரும் எண்ணும் வாங்க வேண்டும். அகத்தி நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அங்கே கட்டுப்பாட்டு அறை வேலை செய்யும் நேரம், விமானம் நிறுத்த இடம், இரவு தங்க அனுமதி மூன்றையும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். கிளம்பும் காலையில் விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புகளை மறுபடி பாருங்கள்.

பயணிகளுக்குத் தீவு நுழைவு அனுமதி தனி. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, லட்சத்தீவைச் சேராத இந்தியர்களும் அனுமதி பெற்றே நுழைய முடியும். போலீஸ் நற்சான்று வேண்டியிருக்கும், அதற்கே நாளாகும். எந்தெந்தத் தீவு என்பது அனுமதியில் எழுதியிருக்கும். அகத்திக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பித்ராவுக்குப் படகு ஏற முடியாது. உங்கள் ஆலையில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பொறியாளரை அழைத்துப் போவதாக இருந்தால், வெளிநாட்டினருக்குத் திறந்திருக்கும் தீவுகள் மிகச் சில என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது விலக்கு. பவளத்தை ஒரு துண்டும் எடுத்துவரக் கூடாது.

கடலுக்கு மேல்

உயிர்காப்பு உடையை இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள். கண்ணூரிலேயே எல்லோரும் அணிந்துகொள்ளுங்கள். காற்று நிரப்பாமல் அணிய வேண்டும். விமானத்துக்குள் நிரப்பிவிட்டால் தண்ணீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. மிதவைப் படகு கதவுக்கு அருகில், பைகளுக்கு மேல் இருக்கட்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியைப் பதிவு செய்து வையுங்கள். அதன் குரல் செயற்கைக்கோள் வழியாக வந்து சேருமிடம் நமக்குப் பக்கத்து ஊர்தான், பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையம். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குச் செய்தி போகும். அவர்களுடைய உதவி எண் 1554. வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் போனையோ சாட்டிலைட் வழிச் செய்திக் கருவியையோ அனுமதியில்லாமல் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் அதற்காக ஆட்களைக் கைது செய்திருக்கிறார்கள்.

9,000 அடியில் வானொலி எட்டும் தூரம் சுமார் 115 கடல் மைல். கண்ணூருக்கும் அகத்திக்கும் நடுவில் இரு பக்கமும் தேய்ந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே மேலே போகும் பெரிய விமானங்களின் பைலட்டுகள் உங்கள் செய்தியைக் கடத்தித் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். நாம் போட்ட காற்றுக் கணக்கின்படி கண்ணூரை விட்ட 35ஆவது நிமிடம், 94ஆவது மைலில், முன்னே போவதும் பின்னே திரும்புவதும் ஒரே நேரம்தான் பிடிக்கும். அதற்கு முன் எதுவும் கோளாறானால் கண்ணூர், அதற்குப் பின் அகத்தி. ஒற்றை எஞ்சினில் பறக்கும் வேகத்துக்கு இதே கணக்கைத் தனியாகப் போட்டு, இரண்டு எண்ணையும் பைலட்டின் முழங்கால் பலகையில் எழுதி வைத்திருக்க வேண்டும். நடுக்கடலில் உட்கார்ந்து போடும் கணக்கு அல்ல இது.

அகத்தியில் இறங்கியதும் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டி, எஞ்சின் வாய்களை மூடுங்கள். உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்னும். கண்ணூர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் முழுவதும் கழுவிவிடுங்கள், ஓசூர் வரட்டும் என்று விடாதீர்கள்.

கடைசியாகப் பயணிகளுக்கு ஒன்று. சிறு விமான விபத்துகளுக்குப் பின்னால் எந்திரக் கோளாறைவிட, "எப்படியாவது இன்றைக்கே போய்ச் சேர வேண்டும்" என்ற நெருக்கடி பலமுறை இருந்திருக்கிறது. அந்த நெருக்கடியைப் பைலட்டுக்கு உண்டாக்குவது பெரும்பாலும் பின்னிருக்கைக்காரர்கள்தான். அகத்தியிலிருந்து கிளம்பும் நாளில் கண்ணூரில் மூட்டம் என்றால் அகத்தியில் தங்குங்கள். மலைமுகட்டில் மேகம் என்றால் கண்ணூரில் தங்குங்கள், ரயில் பிடித்தும் வீடு வரலாம். திரும்பும் நாளுக்கு அடுத்த இரண்டு நாட்கள் தொழிற்சாலையில் எந்த மீட்டிங்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.